வாடகைப் பெட்டகமும் வாடகை அறையும்: பாதுகாப்பை அளந்த வரலாறு

நகை, பத்திரம், பணம், வீட்டுப் பொருள் ஆகியவற்றைத் தன் வீட்டில் வைக்காமல், பிறருக்குச் சொந்தமான கட்டடத்தில் வாடகை கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இரண்டு வடிவங்களில் உலகெங்கும் உள்ளது. ஒன்று, வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் நடத்தும் பாதுகாப்புப் பெட்டகம். இதை மக்கள் 'லாக்கர்' என்றே அழைக்கின்றனர். மற்றொன்று, அறையையோ கொட்டகையையோ மாத வாடகைக்கு எடுத்து வாடகைதாரரே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளும் சேமிப்பு அறை. முதலாவது 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இரண்டாவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது.

இரண்டுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. வாடகை கொடுக்கும் முன் அந்த இடம் பாதுகாப்பானதுதானா என்பதை எப்படி அறிவது? கடந்த 200 ஆண்டுகளில் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகள் பலவும் களவு, தீ, வழக்கு ஆகியவற்றின் வழியாகக் கிடைத்தவை. பெட்டகத்தின் பலவீனத்தை வாடகைதாரரைவிடத் திருடரே கவனமாக ஆராய்ந்தார் என்பதை இவ்வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகிறது.

பூட்டை நம்பிய காலம்

18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை பாதுகாப்பு என்பது பூட்டின் வலிமையையே குறித்தது. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1784இல் புதுவகைப் பூட்டு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அவரது நிறுவனம் 1790 முதல் லண்டன் பிக்காடிலியில் இருந்த கடையின் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, அதைச் சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என அறிவித்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பரிசை எவரும் பெறவில்லை.

1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் போலிச் சாவிகளைக் கொண்டு களவு நடந்தது. இதையடுத்து, உரிய சாவியன்றி வேறு எதனாலும் திறக்க இயலாத பூட்டை உருவாக்க அரசு போட்டி வைத்தது. ஜெரமையா சப் 1818இல் 'கண்டறியும் பூட்டு' ஒன்றைச் செய்து 100 பவுண்டு பரிசைப் பெற்றார். தவறான சாவியோ கம்பியோ நுழைந்தால் இப்பூட்டு இறுகி நின்றுவிடும். உரியவர் அடுத்த முறை தம் சாவியைப் போடும்போது, யாரோ திறக்க முயன்றிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். பூட்டுத் தொழில் அறிந்த கைதி ஒருவரிடம் இப்பூட்டு கொடுக்கப்பட்டது. பல வாரங்கள் முயன்றும் அவரால் திறக்க முடியவில்லை.

திருடனைத் தடுப்பது மட்டுமன்று, முயற்சி நடந்ததை உரியவருக்குத் தெரிவிப்பதும் பாதுகாப்பின் பகுதியே என்ற கருத்து இப்பூட்டால் வலுப்பெற்றது. இன்றைய எச்சரிக்கை மணியும் கண்காணிப்புக் கேமராவும் இக்கருத்தின் நீட்சியே ஆகும்.

1851இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் இந்த நம்பிக்கையைக் கலைத்தார். சப் நிறுவனத்தின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். பிராமா பூட்டுக்கு 16 நாள்களில் 51 மணிநேரம் உழைத்து அதையும் திறந்தார். பூட்டின் குறைகளைப் பொதுவெளியில் பேசுவது திருடருக்கு உதவும் என்று அப்போது எதிர்ப்பு எழுந்தது. திருடருக்கு அக்குறைகள் முன்பே தெரியும், தெரியாமல் இருப்பவர் பூட்டை வாங்குபவரே என்பது ஹாப்ஸ் தரப்பின் வாதமாக இருந்தது.

இந்நிகழ்வுக்குப் பின் மதிப்பிடும் முறை மாறியது. 'திறக்கவே முடியாத பூட்டு' என்ற பேச்சு மதிப்பிழந்தது. எவ்வளவு நேரம் தாங்கும், அந்த நேரத்துக்குள் யாராவது வந்து பார்ப்பார்களா என்பதே சரியான கேள்வியானது.

வாடகைப் பெட்டகத்தின் தோற்றம்

அமெரிக்காவில் பிரான்சிஸ் ஜெங்க்ஸ் என்பவர் நியூயார்க்கில் தொடங்கிய பாதுகாப்புப் பெட்டக நிறுவனம் 1865இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரு கட்டடத்தில் வலுவான அறை ஒன்றை அமைத்து, அதற்குள் பல சிறு பெட்டகங்களைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் முறைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. தனியொருவர் தம் வீட்டில் கட்டிக்கொள்ள இயலாத கனத்த சுவரையும், இரவும் பகலும் நிற்கும் காவலரையும் பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ள இது வழி செய்தது.

லண்டனில் சான்சரி லேன் பெட்டக நிலையம் 1885இல் திறக்கப்பட்டது. அதன் சுவர்கள் 1.2 மீட்டர் தடிமன் கொண்டவை. இரண்டாம் உலகப் போரில் மேலிருந்த கட்டடம் குண்டுவீச்சால் அழிந்தபோதும் நிலத்தடிப் பெட்டக அறைகள் சேதமின்றி நின்றன. இன்று அங்கே வெள்ளிப் பொருள் வணிகர்களின் கடைகள் இயங்குகின்றன.

நேரப்பூட்டு

கதவும் பூட்டும் வலுவடைந்தபோது திருடர்கள் பூட்டை விட்டுவிட்டு மனிதரை நாடினர். வங்கிக் காசாளரின் வீட்டுக்கு இரவில் சென்று, குடும்பத்தாரை மிரட்டி, எண்பூட்டின் இரகசிய எண்ணைப் பெறுவது அமெரிக்காவில் வழக்கமாயிற்று. 1876 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த்தாம்ப்டனில் நடந்த பெருங்கொள்ளை இவ்வகையைச் சேர்ந்தது.

இதற்கு மாற்றாக வந்தது நேரப்பூட்டு. ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873இல் இதை உருவாக்கினார். 1874இல் இல்லினாய் மாநிலம் மாரிசனில் இருந்த வங்கியில் முதலில் பொருத்தப்பட்டது. கடிகாரத்தோடு இணைந்த இப்பூட்டு, குறித்த நேரம் வரும் வரை சரியான எண்ணை அறிந்தவருக்கும் திறக்காது. எனவே காசாளரை மிரட்டுவதில் பயனில்லாமல் போயிற்று. நேரப்பூட்டு பெட்டகத்தை மட்டுமன்றி அதன் ஊழியரின் உயிரையும் காத்தது.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. நேரப்பூட்டு திருடரைப் போலவே காவல்துறையையும் வெளியே நிறுத்தும். கதவு வழியன்றி வேறு வழியில் உள்ளே புகுந்தவருக்கு அப்பூட்டே காவலாகிவிடும். இது 1971இல் லண்டனில் தெரியவந்தது.

வாடகைதாரராக வந்த திருடர்கள்

1971 செப்டம்பரில் லண்டன் பேக்கர் தெருவில் லாயிட்ஸ் வங்கிக் கிளையின் பெட்டக அறை கொள்ளையிடப்பட்டது. கும்பலில் ஒருவர் முந்தைய ஆண்டு டிசம்பரில் 500 பவுண்டு செலுத்திக் கணக்குத் தொடங்கினார். சில வாரங்களில் ஒரு பெட்டகத்தையும் வாடகைக்கு எடுத்தார். வாடிக்கையாளரின் தனிமையை மதித்து ஊழியர் வெளியேறிய நேரங்களில், தரை ஓடுகளையும் கைக்குடையையும் அளவுகோலாகக் கொண்டு அறையை அளந்தார். இவ்வாறு 13 முறை சென்று வந்தார்.

பின்னர் அருகிலிருந்த தோல்பொருள் கடையைக் குத்தகைக்கு எடுத்து, இடையிலிருந்த உணவகத்தின் அடியாக ஏறத்தாழ 12 மீட்டர் சுரங்கம் தோண்டினர். தரையின் கான்கிரீட்டை வெடிமருந்தால் தகர்த்து உள்ளே புகுந்து 268 பெட்டகங்களை உடைத்தனர். தரையில் அதிர்வை உணரும் எச்சரிக்கை அமைப்பு இருந்தது. சாலைப் பணியால் அது அடிக்கடி வீணாக ஒலித்ததால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

கும்பலின் கம்பியில்லாத் தொடர்புப் பேச்சைத் தற்செயலாகக் கேட்ட அமெச்சூர் வானொலியாளர் ஒருவர் காவல்துறைக்குத் தெரிவித்தார். எந்த வங்கி என்பது தெரியாததால் காவல்துறையினர் 700க்கும் மேற்பட்ட வங்கிகளைச் சோதித்தனர். பேக்கர் தெருக் கிளைக்கும் வந்தனர். பெட்டக அறையின் கதவு பழுதின்றி மூடியிருந்தது. நேரப்பூட்டு இருந்ததால் திறந்து பார்க்கவும் இயலவில்லை. அவர்கள் திரும்பிச் சென்றனர்.

1976 ஜூலையில் பிரான்சின் நீஸ் நகரில் சொசியெத்தே ஜெனரால் வங்கியின் பெட்டக அறைக்குள் கழிவுநீர்க் கால்வாய் வழியாகச் சுரங்கம் தோண்டி ஒரு கும்பல் புகுந்தது. அதன் தலைவர் ஆல்பெர் ஸ்பஜியாரி புகைப்படக்காரர். அவரும் முன்னதாக அங்கே ஒரு பெட்டகத்தை வாடகைக்கு எடுத்தார். அதற்குள் உரத்து ஒலிக்கும் அலாரக் கடிகாரம் ஒன்றை வைத்து, இரவில் ஒலிக்குமாறு முடுக்கிவிட்டார். ஒலியையோ அதிர்வையோ உணரும் கருவி இருந்தால் காவலர் வருவர், எவரும் வரவில்லை. அறைக்குள் எவரும் புக முடியாது என்ற நம்பிக்கையில் அங்கு எச்சரிக்கை அமைப்பே வைக்கப்படவில்லை. உள்ளே வந்த கும்பல் பெட்டக அறையின் கதவை உட்புறமாகப் பற்றவைத்து அடைத்துவிட்டு, வார இறுதி முழுவதும் நிதானமாகப் பெட்டகங்களை உடைத்தது.

1987 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் நைட்ஸ்பிரிட்ஜ் பெட்டக நிலையத்துக்கு இருவர் வந்து, பெட்டகம் வாடகைக்கு வேண்டும், இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டனர். உள்ளே அழைத்துச் செல்லப்பட்டதும் துப்பாக்கியை எடுத்தனர். நிலையம் மூடப்பட்டுள்ளது என்ற அறிவிப்பை வாயிலில் தொங்கவிட்டுப் பெட்டகங்களை உடைத்தனர். தலைமை தாங்கிய இத்தாலியர் வலேரியோ விச்செய், விட்டுச்சென்ற இரத்தக் கைரேகையால் பிடிபட்டு 22 ஆண்டுத் தண்டனை பெற்றார். நிலையத்தின் நிர்வாக இயக்குநரே கடன் நெருக்கடியால் கும்பலுக்கு உடந்தையாக இருந்தது விசாரணையில் வெளிவந்தது. சுவர், கதவு, காவலர் அனைத்தும் சரியாக இருந்தும் சாவியை வைத்திருந்தவர் சரியில்லாததால் அங்கே பாதுகாப்பு குலைந்தது.

மணி ஒலித்தும் கேளாத இரவு

2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையின்போது, லண்டனின் நகை வணிகப் பகுதியான ஹாட்டன் கார்டனில் நடந்த களவு வேறொரு பாடத்தைத் தந்தது. கும்பலில் பெரும்பாலோர் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். லிஃப்ட் குழி வழியாக நிலத்தடித் தளத்துக்கு இறங்கி, 50 செ.மீ. தடிமன் கொண்ட கான்கிரீட் சுவரைத் துளைக்கருவியால் துளைத்தனர்.

ஏப்ரல் 3 நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில் எச்சரிக்கை மணி ஒலித்தது. கண்காணிப்பு நிறுவனம் காவல்துறைக்குத் தகவல் தந்தது. காவல்துறை அழைப்பைப் பதிவு செய்தது. ஆனால் ஆள் அனுப்பத் தேவையில்லை என்ற தரவரிசை அதற்கு இடப்பட்டிருந்தது. காவலாளி ஒருவர் வந்து பார்த்தார். வாசற்கதவு உடைபடாமல் இருந்ததால் திரும்பிவிட்டார். கும்பல் அன்றிரவு வேலையை முடிக்க இயலாமல் வெளியேறி, புதிய கருவியுடன் மறுபடியும் வந்து 73 பெட்டகங்களைத் திறந்தது. காவல்துறை பின்னர் மன்னிப்புக் கோரியது. பெட்டக நிறுவனம் அதே ஆண்டில் கலைக்கப்பட்டது.

இந்தியாவிலும் இதே வடிவம் காணப்படுகிறது. 2014 அக்டோபரில் ஹரியானாவின் கோஹானாவில், ஆளில்லாத பக்கத்துக் கட்டடத்திலிருந்து சுமார் 125 அடி சுரங்கம் தோண்டி வங்கி லாக்கர்கள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில், குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையில், திருச்சி அருகே நம்பர் 1 டோல்கேட் பகுதியில் வங்கிக் கிளை ஒன்றின் பின்சுவரில் துளையிட்டு லாக்கர்கள் உடைக்கப்பட்டன. இரண்டிலும் முன்வாசல் தொடப்படவில்லை.

சேமிப்பு அறைகளின் வருகை

1964இல் டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய் நகரமான ஒடெசாவில், வாடகைதாரர் தாமே பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் சேமிப்பு அறைகள் கட்டப்பட்டன. நவீன சேமிப்பு அறைத் தொழிலின் தொடக்கமாக இது குறிப்பிடப்படுகிறது. 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட பப்ளிக் ஸ்டோரேஜ் நிறுவனம் இதைப் பெருந்தொழிலாக வளர்த்தது. இன்று இந்தியப் பெருநகரங்களிலும் வீடு மாறுவோரும் வெளிநாடு செல்வோரும் இச்சேவையைப் பயன்படுத்துகின்றனர்.

சேமிப்பு அறை, பெட்டகத்தின் தம்பி அன்று. வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பெட்டக நிலையம் காவலை விற்கிறது. சேமிப்பு நிலையம் இடத்தை விற்கிறது. அறைகளைப் பிரிப்பது பெரும்பாலும் மெல்லிய தகடே. உள்ளே உள்ள பொருளுக்கு வாடகைதாரரே பொறுப்பு என்பது ஒப்பந்தங்களின் வழக்கமான விதி. வாடகை நிலுவையில் நின்றால் பொருளை ஏலம் விடும் உரிமையை அமெரிக்க மாநிலச் சட்டங்கள் உரிமையாளருக்கு வழங்குகின்றன.

பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்பதும் இங்கே பாதுகாப்புக் கேள்வியாகிறது. 1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் வெடித்த குண்டுக்கான வேதிப்பொருள்கள், ஜெர்சி சிட்டியில் வாடகைக்கு எடுக்கப்பட்ட சேமிப்பு அறையில் வைக்கப்பட்டிருந்தன. அதே இடத்தில் மற்றவர்களின் பொருள்களும் இருந்தன.

திருட்டைவிடத் தீ பெரிய பகை என்பதை லண்டனில் நடந்த இரு நிகழ்வுகள் காட்டின. 2004 மே மாதத்தில் லேட்டன் பகுதியில் மோமார்ட் நிறுவனத்தின் கலைப்பொருள் கிடங்கு எரிந்து, புகழ்பெற்ற ஓவியங்களும் சிற்பங்களும் அழிந்தன. அதே தொழிற்பேட்டையின் வேறோர் அலகில் புகுந்த திருடர்களால் தொடங்கிய தீயே பரவியது. கிடங்கின் பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. 2018 டிசம்பர் 31 அன்று கிராய்டனில் ஒரு சேமிப்பு நிலையம் முழுவதும் எரிந்து, சுமார் 1,200 அறைகளில் இருந்த பொருள்கள் சாம்பலாயின. அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கவும் இல்லை. இறந்தவர்களின் புகைப்படம், குழந்தைப் பருவப் பொருள், கடிதம் போன்றவற்றை இழந்தோருக்குக் காப்பீட்டுத் தொகை ஈடாகாது.

இந்தியச் சட்டத்தில் மாற்றம்

இந்தியாவில் லாக்கருக்குள் உள்ள பொருளுக்கு வங்கி பொறுப்பன்று என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. கொல்கத்தாவில் வாடகை நிலுவையைக் காரணம் காட்டி ஒரு வங்கி, வாடிக்கையாளருக்கு முறையாக அறிவிக்காமல் லாக்கரை உடைத்துத் திறந்தது. ஏழு நகைகள் இருந்ததாக வாடிக்கையாளர் கூறினார். அவருக்குத் திரும்பக் கிடைத்தவை இரண்டு. இவ்வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாக்கர் அறையைக் காப்பதில் வங்கி தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது என்று கூறி, ரூ.5 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆறு மாதத்துக்குள் விதிமுறைகளை வகுக்குமாறு ரிசர்வ் வங்கியையும் பணித்தது. லாக்கரில் என்ன இருந்தது என்ற கேள்வி மட்டும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு விடப்பட்டது.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி:

- தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும்.
- லாக்கர் அறையின் வாயில் உள்ளிட்ட இடங்களின் கேமராப் பதிவுகளைக் குறைந்தது 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும்.
- லாக்கர் திறக்கப்படும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டும்.
- நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கும் வாடிக்கையாளரின் கவனக்குறைவுக்கும் வங்கி பொறுப்பன்று.

ஆண்டு வாடகை ரூ.2,000 எனில் வங்கியின் பொறுப்பு ரூ.2 லட்சத்தோடு நின்றுவிடும். சில சவரன் நகைகளுக்கு மேல் அத்தொகை எட்டாது. சிறிய லாக்கரில் பெரிய செல்வத்தை வைப்பவர் இக்கணக்கை முன்னதாகவே போட்டுப் பார்க்க வேண்டியவராகிறார். குறுஞ்செய்தி விதியில் சப் உருவாக்கிய கண்டறியும் பூட்டின் கருத்தே இருநூறு ஆண்டுகளுக்குப் பின் சட்டமாகி நிற்கிறது.

வரலாறு தரும் அளவுகோல்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, வாடகைக்கு எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே உருவாகின்றன.

1. மற்ற பக்கங்கள்: பேக்கர் தெரு, நீஸ், ஹாட்டன் கார்டன், கோஹானா, திருச்சி ஆகிய எந்த இடத்திலும் முன்கதவு உடைக்கப்படவில்லை. எனவே பின்சுவர், தரை, கூரை, பக்கத்துக் கட்டடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஆளில்லாத வீடோ பூட்டிய கடையோ இருந்தால் அது தனிக் கவனத்துக்குரியது.
2. விடுமுறைக் காவல்: பெருங்களவுகளில் பல, வார இறுதியிலோ தொடர் விடுமுறையிலோ நடந்தவை. அந்நாள்களில் யார் காவல் இருக்கிறார் என்பதே முதன்மையான கேள்வி.
3. மணிக்குப் பின் நடப்பது: எச்சரிக்கை மணி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது ஒலித்தால் யார் வருவார், வந்தவர் உள்ளே சென்று பார்ப்பாரா, வீண் ஒலி எழுந்தால் மணியை நிறுத்திவிடுவார்களா என்று கேட்க வேண்டும்.
4. சாவி வைத்திருப்போர்: நிர்வாகம் யாரிடம் உள்ளது, மறுசாவி உண்டா, எவர் துணையுமின்றி ஒருவர் மட்டும் உள்ளே செல்ல இயலுமா என்பதை அறிய வேண்டும்.
5. வாடகைதாரரைச் சோதித்தல்: அடையாளச் சான்று கேட்காமல் இடம் கொடுப்பவர், திருடருக்கும் அவ்வாறே கொடுப்பார். கேள்வி கேட்கும் நிலையமே பாதுகாப்பானது.
6. தீயும் நீரும்: நீர்த்தெளிப்பான், புகை உணரும் கருவி, மழைநீர் புகாத் தரைமட்டம் ஆகியவை பூட்டுக்கு இணையான முக்கியத்துவம் உடையவை.
7. ஒப்பந்தமும் காப்பீடும்: பொறுப்பின் வரம்பு, நிலுவை ஏற்பட்டால் நடவடிக்கை, பொருளுக்குக் காப்பீடு உண்டா என்பவற்றைக் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும்.
8. பட்டியல்: வைத்த பொருளின் பட்டியலும் புகைப்படமும் ரசீதும் வேறிடத்தில் இருக்க வேண்டும். கொல்கத்தா வழக்கில் விடை கிடைக்காமல் நின்றது இந்த ஒன்றுதான்.

பேக்கர் தெருவில் கைக்குடையால் அளந்தவரும், நீஸில் கடிகாரத்தை வைத்துச் சோதித்தவரும் பெட்டகத்தை வாடகைக்கு எடுத்த பின் செய்தது பாதுகாப்பு ஆய்வே ஆகும். அதே அறையில் தம் வாழ்நாள் சேமிப்பை வைத்திருந்த நூற்றுக்கணக்கானோர், கனத்த கதவைப் பார்த்த அளவில் மனநிறைவு அடைந்திருந்தனர். இழந்தவர்கள் அவர்களே.